கூரைமேல் தலைகீழ்க் கொடி

அன்புள்ள தம்பி கிளேட்டனுக்கு,

அக்கா க்வென் எழுதுவது. இடது முழங்காலைத் தவிர நான் நலம். நீயும் உன் நாய்களும் நலம்தானே? தேசபக்தி என்றால் என்ன என்று போன வருஷம் நன்றி நாள் வான்கோழி விருந்தில் கேட்டாய். கல்லூரியில் அரசியல் படித்து, இருபது வருஷம் கடற்படையில் இருந்தும் எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. அதற்காக நீ கதவை அறைந்துவிட்டு உன் இந்தியானா வீட்டுக்குப் போனது கொஞ்சம் அதிகம்.

இன்று சனிக்கிழமை காலை, வரும் திங்கட்கிழமை போரில் இறந்த வீரர்களின் நினைவு நாள் அணிவகுப்பாயிற்றே என்று புகைபோக்கியில் கொடி கட்டக் கூரைமேல் ஏறினேன், ஏணி சரிந்து ரோஜாச் செடிமேல் விழுந்தது, போன் சமையலறையில், தெரு முழுக்கப் புல்வெட்டும் இயந்திரங்கள், நான் கத்தினது எனக்கே கேட்கலை. ஆபத்து என்றால் கொடியைத் தலைகீழாகக் கட்டு என்று கப்பலில் கற்றது நினைவுக்கு வந்தது. கட்டினேன். இப்போதெல்லாம் அது ஆட்சியை எதிர்ப்பவர்களின் அடையாளமும் என்பதை மறந்துவிட்டேன். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எதிர்வீட்டு ஹார்லன் தொப்பியைக் கழற்றி, "இப்பவாவது உனக்குப் புத்தி வந்துச்சேம்மா" என்றார். பக்கத்து வீட்டு ரோண்டா, "ஓய்வூதியத்தையும் வாங்கிக்கிட்டு கொடியைக் கவுத்துப் போடுறியே" என்றாள். ஏணி வேண்டும் என்றேன். "பேச்சை மாத்தாதே" என்றாள். பிறகு என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். இருவரும் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள்.

நான் மல்லாந்து படுத்துவிட்டேன். வெட்டிய புல்லின் வாசனை. ஆற்றுப் பக்கமிருந்து ஒரு மேகம் அவசரமில்லாமல் வந்தது. கீழே சண்டை தண்ணீருக்கடியில் நடப்பதுபோலக் கேட்டது. வீடே நங்கூரம் அவிழ்ந்து மெல்ல மிதந்தது. இவர்களுக்காகத்தானா அத்தனை இரவு கடலில் விழித்திருந்தேன் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. கடைசியில் தபால்காரர் பையை இறக்கிவைத்து ஏணியை நிமிர்த்திவிட்டுப் போனார்.

அந்தப் படம் உன் கண்ணிலும் படும். அழைப்புகள் தாங்காமல் போனை அணைத்துவிட்டேன். நான் எந்தக் கட்சிக்கும் போகவில்லை. அணிவகுப்புக்கு நீ வரவேண்டாம். இன்னொரு முறை உன்னோடு ஒரே மேசையில் உட்கார எனக்குத் தெம்பில்லை. உன் தக்காளி நன்றாகக் காய்க்கட்டும், முதுகுவலி தீரட்டும்.

உன் அக்கா,
க்வென்

பி.கு.: மறுநாள் காலை. தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தபோது உன் பழைய டிரக் வாசலில் வந்து நின்றது. பின்னால் ஏணி. கண் சிவந்திருந்தது உனக்கு. எந்தப் பக்கம் என்று கேட்கப்போகிறாய் என்று விறைத்து நின்றேன்.

"போனை ஏன் அணைச்சு வச்சே? கொடியைப் பார்த்ததும் உனக்கு என்னமோ ஆபத்துன்னு ஓடி வந்தேன்" என்றாய்.

காபி ஆறுவதற்குள் அரசியல் தொடங்கி, சத்தம் ஹார்லன் வீடுவரை போனது. நாளை அணிவகுப்புக்கு உன் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.