அப்பாவின் இரத்தத்துக்குக் காஸ்

நான் இதுவரை வைத்தியம் பார்த்த ஒரே நோயாளி என் அப்பா. அவர் பிழைத்ததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போரின் கடைசி வருடங்கள். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். பல வருடமாகப் பிரஷர். நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் வருடம். (இரண்டாம் வருடத்தில்தான் மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். மூன்றாம் வருடத்தில் குறையத் தொடங்கும்.)

ஒருநாள் விரிவுரையாளர் இரத்தக் குழாய்களைப் பற்றிச் சொன்னார். குழாயின் உட்சுவர் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிறதாம். அது பக்கத்துத் தசைக்குப் போய்த் 'தளர்ந்து கொடு' என்று சொல்ல, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. கூழ்முட்டையை நாற வைக்கும் ஐதரசன் சல்பைட்டும் அதே வேலையைச் செய்கிறது. பிரஷர்காரருக்கு இந்தச் சேதி சரியாகப் போய்ச் சேருவதில்லை. பீட்றூட்டிலிருந்து உடல் முதலாவது வாயுவைச் செய்துகொள்ளும், உள்ளியிலிருந்து, அதாவது பூண்டிலிருந்து, இரண்டாவதை. இதற்குப் பிறகு அவர் மருந்தைப் பற்றி ஏதோ சொன்னார். நான் அப்போது கொப்பியில் பீட்றூட் படம் கீறிக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரமே அப்பாவைக் கதிரையில் இருத்தினேன்.

"அப்பா, உங்கட ரத்தக் குழாயளுக்குக் காஸ் காணாது."

"வயித்துக்குள்ள தேவைக்கு மேல இருக்குப் பிள்ளை."

"அது வேற காஸ்."

"நீ சொன்னாச் சரி," என்றார் அப்பா.

இரண்டு கிழமை, பதினாலு நாளும், காலையும் மாலையும் ஒரு கிளாஸ் பீட்றூட் சாறு, ஆறு பல் பச்சை உள்ளி. முகம் சுளிக்காமல் விழுங்கினார். கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோரத்துக்கு மாறிப் போனார். அம்மா தலையணையோடு ஹோலுக்கு வந்துவிட்டார். இதையெல்லாம் வைத்தியம் வேலை செய்வதன் அடையாளமாகக் குறித்து வைத்தேன்.

பிறகு, என் வெற்றியை டொக்டருக்குக் காட்ட, அப்பாவைப் பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் குடிக்க ஒரு போத்தல் சாறு. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் செக்பொயின்ற். எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் ஒருவர் என் பையிலிருந்து போத்தலை எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இரத்தம் இருந்தது, அப்பா இருந்தது, காஸ் இருந்தது. மூன்றையும் சொன்னேன். இவற்றை இணைக்க வினைச்சொல் கிடைக்கவில்லை.

காஸ் என்றதும் அவர் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். துவக்கின் குழல் என் பக்கம் திரும்பியது. அப்படி இறக்கப்பட்டு வீடு திரும்பாதவர்களை எங்கள் தெருவிலேயே தெரியும்.

அப்பா மெல்ல வந்து போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, நல்ல சிங்களத்தில், "பீட்றூட், மாத்தயா. பிரஷருக்கு மகள் செய்து தந்தது," என்றார். உள்ளி வாடை எட்டியிருக்க வேண்டும். ஆமிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, போங்கள் என்று கை காட்டினார்.

டொக்டர் ஒரு கையில் பிரஷர் பார்த்தார். நம்பாமல் மற்றக் கையிலும் பார்த்தார்.

"நான் தந்த குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?"

அப்பா என்னைப் பார்த்தார். "ரெண்டு கிழமையா இல்லை டொக்டர். பிள்ளை படிச்சு வந்து செய்து தருது. குளிசையும் போட்டா அவளை நம்பாத மாதிரி இருக்கும் எண்டு விட்டிட்டன்."

"பிள்ளையே விடச் சொன்னது?"

"இல்லை, இல்லை."

"போடச் சொல்லவும் இல்லை," என்றேன்.

"பீட்றூட் நல்லதுதான் மகள்," என்றார் டொக்டர். "ஆனா அது சாப்பாடு. இப்பிடியே விட்டிருந்தா அப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாத. எனக்கு உள்ளி பழகிட்டுது," என்றார்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு நாளும் காலை ஏழரைக்கு என் போன் அடிக்கும்.

"ரீச்சர், குளிசை போடலாமோ?"

பின்னால் அம்மா சிரிப்பது கேட்கும். "போடுங்கோ அப்பா," என்பேன். அவர் தண்ணீர் விழுங்கும் சத்தம் கேட்கும்வரை நான் போனை வைப்பதில்லை.