ஒன்றாம் தேதியைப் பதினொன்றாக்கிய கல்

கோட்டைக்குப்பம்,
பழவேற்காடு.
நவம்பர் 11

அன்புள்ள மைத்துனன் கேசவனுக்கு,

உன் மாமா ஆதிநாராயணன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மகள் அர்ச்சனாவும் படகும் சுகம். உன் அக்கா தேவகியும் சுகமாகத்தான் இருக்க வேண்டும்; பத்து நாளாக அவள் என்னோடு பேசாததால் கேட்டு எழுத வழியில்லை. அரியலூரில் நீயும் உன் வீட்டாரும், அலமாரி நிறைய நீ சேர்த்து வைத்திருக்கும் கற்களும் சுகமென்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய். கடிதமென்றால் நீ சிரிப்பது என் காதில் விழாது. எழுதி முடித்ததும் அர்ச்சனாவை விட்டு போட்டோ பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஊர்க் கூட்டத்தில் நீ வந்து நின்று, ஒரு கல் ஒன்றைப் பதினொன்றாகக் காட்டும் என்று சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த இறால் பருவத்தில் எனக்கு விழுந்த பாடு, அதாவது வலை போடும் முறை, போனது போனதுதான். அதோடு உன் அக்காவின் பேச்சும் போனதுதான்.

போன மாதம் நீ வந்தபோது, சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்ததென்று சோப்புக்கட்டி அளவில், ஒருபக்கம் சாய்ந்த டப்பா மாதிரி, கண்ணாடியாட்டம் ஒரு கல் கொடுத்தாயே, அதுதான் வினை. கால்சைட் கல், இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அபூர்வம், கல் சேர்ப்பவர்கள் கண்ணில் பட்டால் விடமாட்டார்கள் என்றாய். கீழே போடக் கூடாது, செம்புக் காசால் கீறினாலே கோடு விழும், எலுமிச்சம்பழம் பட்டால் நுரைக்கும் என்றாய். உள்ளே போகிற வெளிச்சம் இரண்டாகப் பிரியும் என்றும் ஏதோ சொன்னாய். நானும் தலையாட்டினேன். உன்னிடம் மறைப்பானேன், அந்த நேரம் என் கவனம் பூரா உன் அக்கா அடுப்பில் வறுத்துக்கொண்டிருந்த மடவை மீனில் இருந்தது. தலைதான் ஆடியது, காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை.

ஏறவில்லை என்பதற்கு அத்தாட்சி, நீ பஸ் ஏறிய மறுநாளே கல்லில் மீன் வாடை வருகிறதென்று நானே எலுமிச்சம்பழத்தை அரக்கித் தேய்த்தேன். சோடா மாதிரி பொங்கியது. பதறிப்போய்க் கையை உதறினேன், கல் தரையில் விழுந்து மூலை பெயர்ந்தது. பெயர்ந்த துண்டும் அதே சாய்ந்த டப்பா! "நைனா, உன் கல்லு குட்டி போட்டுடுச்சி" என்றாள் அர்ச்சனா. நல்ல வேளை, மேலும் கீழும் உள்ள முகங்கள் மங்காமல் தப்பின. தப்பாமல் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

நீ ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் ஆகிறது, பாடு பிரிக்கும் முறை மறந்திருக்கும். ஏரியில் நல்ல இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, இன்னார் வீட்டுக்கு இன்ன தேதி என்று பிரிப்பார்கள். அந்தத் தேதியில் விடியும்போது வலையோடு நீயோ உன் கூட்டாளியோ போய் நிற்க வேண்டும். கூப்பிட்டு அனுப்பும் வழக்கம் கிடையாது. நிற்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரன் வலையைப் போட்டுவிடுவான். இந்தத் தடவை எனக்கு விழுந்தது முகத்துவாரத்துப் பக்கம், இறால் கொட்டுகிற இடம். சீட்டில் என் பெயரும், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 1 என்றும் போட்டிருந்தார்கள். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்கட்டும் என்று தேதியைக்கூடப் படிக்காமல் சீட்டின் கீழ்ப்பாதியில் உன் கல்லை வைத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தேன். பதினொன்று! நடுவில் ஒரு சந்தேகமும் இல்லாமல், அண்ணன் தம்பி மாதிரி இரண்டு ஒன்றுகள். கல்லை எடுத்துப் பார்க்க ஒரு நொடி ஆகுமா? ஆகாது. நான் எடுக்கவில்லை. படகில் என் கூட்டாளி மாரியிடமும் பதினொன்றென்றே சொல்லிவிட்டேன்.

ஒன்றாம் தேதி காலை கரையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். எவனோ ஒருவன் முகத்துவாரப் பாடு விழுந்தும் போகாமல் தூங்கிவிட்டானாம், வேறொருவன் வலை போட்டு அள்ளுகிறானாம் என்று பேச்சு. எனக்குக் குஷி தாங்கவில்லை. "எவன்டா அந்தக் கும்பகர்ணன்? அவன் பொண்டாட்டி அவன வூட்ல சேப்பாளா?" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கலாய்த்தவன் நான். இன்னொரு டீ சொல்லிவிட்டு அவனுடைய பரம்பரையைப் பற்றியும் நாலு வார்த்தை பேசினேன். அப்போதுதான் மாரி மூச்சு வாங்க ஓடி வந்தான். "அண்ணே, தலைவரு லிஸ்ட்ட பாத்துட்டு வரேன். அது நீதாண்ணே." கேசவா, டீக்கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

விடுவேனா? சீட்டையும் கல்லையும் தூக்கிக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் நாகப்பனைத் தெரியுமல்லவா? மகன் குவைத்திலிருந்து வாங்கி வந்த கூலிங் கிளாசைக் கல்யாண போட்டோவுக்குக்கூடக் கழற்றாதவர். பெஞ்சில் சீட்டு, அதன்மேல் கல். குனிந்து பார்த்தார்.

"இன்னாப்பா, ஒண்ணுதான் கீது."

"நல்லா பாருங்க தலைவரே."

நன்றாகத் தெரியட்டும் என்று கல்லை இப்படியும் அப்படியும் கொஞ்சம் திருப்பினேன்.

"இப்ப ரெண்டு கீது. தோ, மறுபடி ஒண்ணு. இன்னா, எங்கிட்டயே வித்த காட்றியா?"

மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் கல்லையும் சீட்டையும் சாட்சிப் பொருளென்று மடியில் கட்டிக்கொண்டார். தீர்ப்பு வெள்ளிக்கிழமை என்று எழுந்துவிட்டார்.

அர்ச்சனா பொன்னேரி காலேஜில் இயற்பியல் படிக்கிறாள் அல்லவா, கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நைனா, அந்தக் கல்லு வெளிச்சத்த ரெண்டா பிரிக்குது. ஒண்ணு நெட்டுல ஆடும், இன்னொண்ணு குறுக்க ஆடும். தலைவர் கண்ணாடி தண்ணி மேல வெயிலு கண்ணு கூசாம இருக்கன்னு வாங்கினது, ஒரு பக்கமா ஆடுறத மட்டுந்தான் உள்ள உடும். கல்லு ஒரு வாட்டத்துல இருந்தா ஒரு உருவம் காணாம பூடும்."

"இத கூட்டத்துலயே வந்து சொல்லக் கூடாதாம்மா?"

"கூட்டத்துக்குள்ள பொம்பளைங்கள எங்க உடறீங்க?"

ஆகவே நீ வா. அதே மாதிரி இன்னொரு கல்லும் கொண்டு வா. முக்கியமாக, தலைவரைக் கண்ணாடியைக் கழற்றச் சொல். அதைச் சொல்ல இந்த ஊரில் ஒருத்தனுக்கும் தைரியமில்லை, எனக்குச் சுத்தமாக இல்லை.

இன்றைக்குத் தேதி பதினொன்று. நான் படித்தபடி பார்த்தால் இந்நேரம் இடுப்பளவு தண்ணீரில் வலை பிடித்து நின்றிருக்க வேண்டியவன், காலையிலிருந்து பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்குவேன். சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், நிமிர்ந்து பார்ப்பதில்லை. போதுமா என்றுகூடக் கேட்பதில்லை. வீட்டில் அவள் குரல் இல்லாமல் எனக்கு என்னவோபோல் இருக்கிறது, மச்சான். அழுகையாகத்தான் வருகிறது.

உனக்கும் உன் மனைவி வளர்மதிக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நன்மையும் ஒன்றுக்குப் பதினொன்றாகப் பெருகட்டும்.

இப்படிக்கு,
கண் இரண்டிருந்தும் புத்தி ஒன்றுகூட இல்லாத உன் மாமா,
ஆதிநாராயணன்

பின்குறிப்பு: வர வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் படித்ததும் மறந்துவிடு. சாயங்காலம் நாலு மணிக்கு மாரி வந்து கூடை கூடையாக இறாலை இறக்கினான். யாருடையது என்றேன். "உன்னுதுதாண்ணே" என்றான். முந்தாநாள் தலைவர் குளித்துவிட்டுக் கண்ணாடி போடாமல் பேப்பர்மேல் கல்லை வைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு. கூட்டத்தில் ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, பதினொன்று என்று படித்தவன் பதினொன்றாம் தேதியே போகட்டும் என்று மார்க்கெட்டில் தேவகியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள்தான் என்னோடு பேசுவதில்லையே, மாரியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். நான் இங்கே பாடு போச்சே என்று புலம்பி எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் வலை என் இடத்தில்தான் கிடந்திருக்கிறது. கல்லைத் தலைவர் திருப்பித் தரவில்லை, அவரே வைத்துக்கொள்ளட்டும். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று தேவகியிடம் கேட்டேன். பத்து நாள் கழித்து வாயைத் திறந்தாள், கேசவா. "உன்னாண்ட சொல்லியிருந்தா நீ பன்னெண்டாந்தேதி போயிருப்ப."