நெஞ்சு வலியும் அட்டை செல்லாத ஆஸ்பத்திரியும்

என் தொப்பை ராசாவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். நீங்கள் இருக்கிற இடத்தில் சௌக்கியத்துக்குக் குறைவிருக்காது, காலையில் எழுந்து வேலைக்கு ஓட வேண்டாமே. நீங்கள் போன பிறகு, உங்களோடு போட வேண்டிய சண்டையெல்லாம் வீட்டில் சேர்ந்து இடத்தை அடைக்கிறது. அதில் ஒன்றை இன்று இறக்கி வைக்கிறேன்.

போன மாதம் தையல் கம்பெனியில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற மிஷினில் உட்கார்ந்திருந்தேனா, திடீரென்று நெஞ்சின் மேல் நீங்களே ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம், வேர்த்துக் கொட்டுகிறது, இடது கை மரத்துப்போச்சு, காலர் தைக்கிற அக்கா போட்ட கூச்சலில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. டிரைவர் தெருமுனை ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினாரோ இல்லையோ, படுத்தபடியே கத்தினேன்.

"அங்க வேணாம் தம்பி! எங்க வீட்டுக்காரர் எடுத்துக் குடுத்த இன்சூரன்ஸ் அட்டை அங்க செல்லாது. ஆத்துக்கு அந்தாண்ட இருக்கற ஆஸ்பத்திரிலதான் செல்லும், அங்க போ!"

"அம்மா, உயிரு முக்கியமா, அட்டை முக்கியமா?"

"அவரு திட்டுவாருப்பா. அட்டை செல்லாத இடத்துல காலே வைக்கக் கூடாதும்பாரு."

"அவரை நான் சமாளிக்கிறேன், நம்பர் சொல்லுங்க."

"அவரு செத்துப் போயிட்டாரு."

டிரைவர் சைரனைப் போட்டார். பிறகு, "இப்ப ஆத்தைத் தாண்டினா நேரா அவர்கிட்டயேதான் போவீங்க. அங்க வச்சுத் திட்டினா என்ன பண்ணுவீங்க?" என்றார். தெருமுனையிலேயே இறக்கினார்கள்.

வயரை ஒட்டி, ரத்தம் எடுத்து, படம் பிடித்து, கடைசியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். வெறும் வாயுவாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. அது போதாதென்று இன்சூரன்ஸ்காரர்கள், ஆஸ்பத்திரியும் அட்டையில் இல்லை, வாயு என்பது அவசரமும் இல்லை, செலவைத் தரமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். விடுவேனா? போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஏம்மா, நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழும்போது உள்ள இருக்கறது வாயுவா யமனான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா நான் ஏன் காஜா எடுக்கறேன்?"

அவள் சிரித்துவிட்டாள். "இருங்கம்மா, மேல கேட்டுட்டு வரேன்" என்று போனவள், குரலே மாறித் திரும்பி வந்தாள்.

"நீங்க சொல்றதுதாம்மா விதி. அந்த நேரத்துல சாதாரண ஆளுக்கு உயிர் போற மாதிரி தோணினா அது அவசரம்தான். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரியும் செல்லும். நல்லாகி எந்திரிச்ச பிறகுதான் அட்டையைப் பாக்கணும். திரும்ப எழுதிப் போடுங்க."

போட்டேன். நேற்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள்! இப்போது சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கே நான்தான் வக்கீல். "முதல்ல கிட்ட இருக்கற வாசல்ல இறங்குங்கடி, அப்புறம் அட்டையத் தேடலாம்" என்று எல்லோருக்கும் பாடம். எனக்கு எது வந்தாலும் நானும் அப்படித்தான். கோபிக்காதீர்கள். உங்களைப் பார்க்க ஆசைதான், ஆனால் அவசரமில்லை.

அங்கே அக்கம்பக்கத்தாரிடம் வாயைக் கொடுக்காமல் இருங்கள். உங்கள் தொப்பைக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சண்டை தீராத உங்கள் வீட்டுக்காரி.

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் சண்டையே இல்லை, கோடு போட்டு அடித்துவிடுங்கள். சண்டை இதுதான். நீங்கள் போன அன்று சாயங்காலம் மாரைத் தடவிக்கொண்டு, "அசதிதான் புள்ள, படுத்தா சரியாயிடும்" என்று படுத்தீர்களே, நிஜமாகவே அசதி என்றுதான் நினைத்தீர்களா, இல்லை, அட்டை செல்லுகிற ஆஸ்பத்திரி தூரம் என்று வாயை மூடிக்கொண்டீர்களா?