கொழுந்து லொறிக்குப் பக்கத்துப் பெட்டி

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. அதன் பிறகு, பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ‘மரம்காட்டி’யைக் கண்டது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விஷயங்கள் என்பது அந்த மாடியின் முகாமையாளர் செல்வரத்தினத்தின் கருத்து. அவருடைய கருத்து அங்கே சுற்றறிக்கை என்று அழைக்கப்படும்.

தேயிலைத் தோட்டங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் நிறுவனம் அது. கலாராணி அங்கே நிரல் எழுதினாள். பூனாகலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உட்காரும் பேறு பெற்றவள்.

நிரலில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு ‘வகுப்பு’ உண்டு. கீழ் வகுப்பு தன் மேல் வகுப்பின் விதிகளை எல்லாம் பரம்பரைச் சொத்தாகப் பெறும். யாருக்கு மேலே யார், யாருக்குக் கீழே யார் என்பதை மரம்காட்டி வண்ணப் பெட்டிகளாகவும் கோடுகளாகவும் வரைந்து காட்டியது. இந்த மலைநாட்டில் அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி தேவைதானா என்று எவரும் கேட்கவில்லை.

கருவி வந்ததிலிருந்து நிரலை வாசிப்பது காட்டுமிராண்டிப் பழக்கம் என்று கைவிடப்பட்டது. செவ்வாய்தோறும் ‘மர ஆய்வுக் கூட்டம்’ நடந்தது. பெட்டிகளைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், சிறிதாக்கிப் பார்த்தார்கள். இளநீலமா மயில்நீலமா என்ற பிரச்சினைக்கு இரண்டு செவ்வாய்க்கிழமைகள் அர்ப்பணிக்கப்பட்டன.

ஒரு புதன்கிழமை காலை, லுணுகலை பஸ்ஸில் வந்திறங்கிய அங்கம்மா மாடியேறி வந்தாள். நாற்பத்து நான்கு வயது, கொழுந்து பறிப்பவள்.

“பெரட்டுல எம் பேரு கூப்பிடலங்க மிஸ்,” என்றாள். பெரட்டு என்பது விடியலில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். “நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல. பேரு இல்லாம மலைக்கு ஏற விட மாட்டேங்கிறாங்க. தொரைகிட்டக் கேட்டா, கம்பியூட்டர்ல நீ இல்ல, பதுளைக்குப் போய்க் கேளுன்னாரு.”

“எத்தன வருசமா வேல செய்யிறீங்கம்மா?”

“திங்கக்கெழமையோட இருவத்தஞ்சு முடிஞ்சுதுங்க.”

கலாராணி மரம்காட்டியைத் திறந்து ‘தொழிலாளி’ என்ற பெட்டியைத் தேடினாள். அதன் கோடு ‘மனிதர்’ என்ற பெட்டிக்குத்தான் போகும் என்று நினைத்தாள். ‘மனிதர்’ பெட்டிக்குக் கீழே தோட்டத்தை நடத்தும் துரை இருந்தார், கிளாக்கர் இருந்தார், விருந்தினர் இருந்தார். துரை பங்களா நாயும் இருந்தது. பெயர், பிறந்தநாள், வைத்தியரிடம் போகும் உரிமை ஆகிய மூன்றும் அதற்குப் பரம்பரையாகக் கிடைத்திருந்தன. ‘தொழிலாளி’யின் கோடோ வளைந்து வளைந்து போய் ‘இயந்திரம்’ என்ற பெட்டியில் முட்டி நின்றது. ஒரு பக்கம் கொழுந்து லொறி. மறுபக்கம் மருந்தடிக்கும் பம்பு. இயந்திரங்களுக்கு ஒரு விதி இருந்தது: இருபத்தைந்து ஆண்டு முடிந்தால் ‘பாவனைக்கு உதவாதது’, பட்டியலிலிருந்து நீக்குக.

கலாராணியின் அம்மா கொழுந்து பறிக்கத் தொடங்கி இருபத்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

“என்னங்க போட்டிருக்கு?” என்றாள் அங்கம்மா.

“சின்னப் பிழைம்மா. இருங்க, வாறேன்.”

செல்வரத்தினம் திரையைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

“இது பிழை இல்லைப் பிள்ளை, சிக்கனம். வேலைக்கு அனுப்பு, இடம் மாத்து, பழுது பார். ரெண்டுக்கும் ஒரே நிரல்தானே? முதல் எழுதின ஆள் கெட்டிக்காரன்.”

“சேர், அந்தம்மா வெளியில நிக்கிறாங்க.”

“அதுக்கும் வழி இருக்கு. பழுது பாத்த இயந்திரத்துக்கு அஞ்சு வருச நீடிப்புக் குடுக்கலாம். ஒரு மெக்கானிக்கிட்டச் சேர்ட்டிபிக்கட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லும்.”

“இத மாத்துறதுக்கு ஒரே ஒரு வரிதான் சேர்.”

“மாத்தினால் கோடு குறுக்கால போகும். வெள்ளிக்கிழமை கொழும்பில இருந்து ஆக்கள் வருகினம். எட்டடிப் பதாகை அடிச்சாச்சு. படம் வடிவாய் இருக்குது, அதைக் குழப்பாதையும்.”

கலாராணி வெளியே வந்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அங்கம்மா கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

“மெக்கானிக்குன்னா நம்ம ஃபெக்டரியில புவனேந்திரன் இருக்காருங்க. ஆனா அவரு லொறிக்கு மட்டுந்தானே கையெழுத்துப் போடுவாரு?”

அதைக் கேட்டு கலாராணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இருக்கைக்குப் போய் நிரலைத் திறந்தாள். ‘இயந்திரம்’ என்ற சொல்லை அழித்து ‘மனிதர்’ என்று எழுதினாள்.

“வெள்ளிக்கெழம இது தோட்டத்துக்குப் போகும்மா. சனிக்கெழம பேரு கூப்பிடுவாங்க.”

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து பணிப்பாளர் தனேஸ்வரன் பரிவாரத்தோடு வந்தார். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. செல்வரத்தினம் திரையைத் தொட, தோட்டத்தின் விபரங்கள் மரத்தில் இறங்கின. இறங்கியதும் ‘மனிதர்’ பெட்டி சிவந்தது. ‘1,143 பேருக்கு வீட்டு முகவரி இல்லை. முகவரி இல்லாதவரை மனிதர் வகுப்பில் சேர்க்க முடியாது.’

“ஏன் முகவரி போடவில்லை?” என்றார் பணிப்பாளர்.

“லயத்துக்கு முகவரி கெடையாது சேர்,” என்றாள் கலாராணி. “கடிதமெல்லாம் தோட்டத்து ஒஃபிசுக்குத்தான் வரும்.”

செல்வரத்தினத்துக்கு யார் கைவேலை என்று விளங்கிவிட்டது. “சின்ன விசயம் சேர். திருப்பி இயந்திரத்திலயே போட்டுவிடுறம்,” என்றார்.

“அதுலயும் ஒரு விதி இருக்கு சேர்,” என்றாள் கலாராணி. “இயந்திரத்த ஒழுகாத கூரைக்குக் கீழதான் வைக்கணும். லயத்துக் கூரையப் பதிஞ்சா அதுவும் செவக்கும்.”

மரம்காட்டியின் வரலாற்றில் முதன்முறையாக அதன் எதிரே ஒருவர் சிந்தித்தார். அவர் பணிப்பாளர்.

“மேலே கோடே இல்லாமல் ஒரு பெட்டி போட முடியுமா?”

“முடியும் சேர்.” சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று அவளுக்குப் பட்டது. “ஆனா ஒரு விதியும் அதுக்கு வராது.”

“அதுதானே வேண்டும்.”

“அங்கம்மான்னு ஒருத்தங்க பேர பெரட்டுல கூப்பிடாம...”

“கூப்பிடட்டும். பேர் கூப்பிடுவதில் நமக்கென்ன நட்டம்?”

கலாராணியே அந்தப் பெட்டியைப் போட்டாள். வலது கீழ் மூலையில், எதனோடும் ஒட்டாமல், ‘தொழிலாளி’. மரத்தின் இரண்டு பக்கமும் சரிசமமாக வந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதன் சரிகை கழுத்தில் உறுத்தியது.

சனிக்கிழமை அங்கம்மா தொலைபேசியில் அழைத்தாள்.

“பேரு கூப்பிட்டாங்க மிஸ். நல்லா இருப்பீங்க. இப்ப கம்பியூட்டர்ல நாங்க எங்க இருக்கோம்?”

“தனியா ஒரு பெட்டியிலம்மா.”

“தனியாவா?” அங்கம்மாவின் குரலில் நிஜமான சந்தோஷம். “இங்க லயத்துல ஒரே காம்பராவுல ஏழு பேரு கெடக்கிறோமுங்க.”

வருட முடிவில் நிறுவனத்தின் அறிக்கை வழவழப்பான தாளில் வெளிவந்தது. அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் தொடர்பான விதிமீறல்கள் பூச்சியம் என்று அதில் இருந்தது. கலாராணி அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மீறுவதற்கென்று அவர்களுக்கு ஒரு விதியைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.