ஆமெனுக்கு ஒரு திருத்தம்

உலகத்தில் எத்தனையோ நாடாளுமன்றங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் மைக்கைப் பிடுங்குகிறார்கள், நாற்காலியை வீசுகிறார்கள். எங்கள் சபையின் நிர்வாகக் குழுவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே யாரும் யாரையும் ஒரு சுடுசொல் சொன்னது கிடையாது. ஒரு காரியமும் நடந்தது கிடையாது என்பது வேறு விஷயம். நாங்கள் 'கூட்ட நடைமுறை விதிகள்' என்னும் பச்சை அட்டைப் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். செயலாளர் என்ற முறையில் அதை நான் வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வேதாகமத்தைத் திருத்த முடியாது. இதைத் திருத்தலாம் என்பதால் இதைத்தான் அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கிறது.

விதிகளில் மணியானது, ஜெபத்தில் இருப்பவரை யாரும் இடைமறிக்கக் கூடாது என்பது. நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குழுவில் உண்டு. 'சட்டம் ஐயா' என்றுதான் அழைப்போம். விவாதம் கை நழுவுகிறது என்று தெரிந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு "ஜெபிப்போமாக" என்பார். நாங்களும் கண்ணை மூடியாக வேண்டும். "ஆண்டவரே, மருந்துக்கடைக்காரர் வாசித்த தீர்மானத்தில் உள்ள பிழையை நீர் அறிவீர்" என்று தொடங்கி, அறிந்தவருக்கே பிழையை விளக்குவார். குழுவின் இன்னோர் உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் சளைத்தவரா? அடுத்த ஜெபம் அவருடையது. இப்படி மாறி மாறி ஜெபித்ததில் எங்கள் மதியச் சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம். ஆகவே ஒருவர் ஒரு கூட்டத்தில் ஒரு முறைதான் ஜெபிக்கலாம் என்று விதி சேர்த்தோம். ஜெபத்துக்கே ரேஷன் வைத்தவர்கள் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் அதை 'ஒழுங்குபடுத்தினோம்'.

இப்பேர்ப்பட்ட குழுவின் முன்னால்தான் தையற்கார அம்மாவின் விண்ணப்பம் வந்தது. அவருடைய கணவர் எங்கள் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடியவர். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியோடு ஆகிவிட்டார். முன்வாசலில் உயரமான படிகள். ஞாயிறுதோறும் அவர் படிகளுக்குக் கீழே வெயிலில் இருந்தபடிதான் ஆராதனையில் கலந்துகொள்கிறார். உள்ளே பாட்டுத் தொடங்கியதும் வெளியிலிருந்து ஒரு குரல் சற்றுப் பிந்தி வந்து சேரும். பக்கவாசலிலோ ஒரே ஒரு படிதான். அங்கே சாய்தளம் போட்டால் உள்ளே வந்துவிடலாம். அம்மாவின் தம்பி கொத்தனார். சிமெண்டும் வேலையும் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். குழு தர வேண்டியது ஒரு 'சரி' மட்டும்.

'சரி' சும்மா வருமா? கொத்தனாரை விசாரணைக்கு அழைத்தோம்.

"சாய்தளம் ஏறுறதுக்கா, இறங்குறதுக்கா?" என்று சட்டம் ஐயா கேட்டார்.

"ரெண்டுக்கும்தாங்க."

"அப்ப ரெண்டு தீர்மானம் வேணும். ஏறுறது இந்தக் கூட்டத்துல, இறங்குறது அடுத்த கூட்டத்துல."

"அதுவரைக்கும் அவர் உள்ளயே இருக்கணுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

இது துணைக்குழுவுக்குப் போக வேண்டிய கேள்வி என்று தலைவரான போதகர் தீர்ப்பளித்தார். துணைக்குழு பக்கவாசலை நேரில் பார்வையிட்டு, அங்கே படி இருப்பது உண்மைதான் என்று அறிக்கை தந்தது.

அந்த அறிக்கையைப் பரிசீலிக்க, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடினோம். தையற்கார அம்மா 'பார்வையாளர்' என்ற தகுதியில் கடைசி பெஞ்சில் இருந்தார். பார்வையாளர் பார்க்கலாம், பேசக் கூடாது. போதகர் ஜெபித்துத் தொடங்கினார். சட்டம் ஐயா எதிர்த்து ஜெபித்தார். மருந்துக்கடைக்காரர் ஆதரித்து ஜெபித்தார். இருவருக்கும் சமாதானம் உண்டாக மற்றவர்கள் ஜெபித்தார்கள். நேரமாகிறது என்று நான் ஜெபித்தேன். பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. கூட்டத்தை ஜெபத்தோடுதான் முடிக்க வேண்டும். எல்லோருடைய ஜெபமும் தீர்ந்துவிட்டிருந்தது. பசியோ வயிற்றைக் கிள்ளியது. பார்வையாளர் பேசத்தான் கூடாது, ஜெபம் பேச்சல்ல என்று சட்டம் ஐயாவே வழி சொன்னார்.

"நீங்களே முடிச்சு வையுங்கம்மா" என்றார் போதகர்.

அம்மா எழுந்து நின்றார். "ஏசப்பா, என் வீட்டுக்காரர் வெளிய வெயில்ல உக்காந்திருக்கார். உங்க வீட்டுக்குள்ள வர அந்த ஒரு படிதான் தடை. இங்க இருக்கவங்க மனசு வச்சா நாளைக்கே சரியாயிடும். மனசு வைக்கச் சொல்லுங்கப்பா. ஆமென்."

"ஆமென்" என்றோம், கதவைப் பார்த்தபடி, வழக்கத்தைவிடச் சத்தமாக.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "தலைவரே, ஆமென்னா அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். எல்லாரும் சொல்லிட்டோம். தீர்மானம் ஏகமனதா நிறைவேறிடுச்சு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. சட்டம் ஐயாவின் முகம் வெளுத்தது.

"இதுல இருக்கிற ஆபத்து புரியுதா?" என்றார் அவர். "போன வாரம் பசிச்சவங்களுக்குச் சாப்பாடு கேட்டு ஜெபிச்சோம். அதுக்கு முந்தின வாரம் வீடில்லாதவங்களுக்கு வீடு கேட்டோம். எல்லாத்துக்கும் ஆமென் சொல்லியிருக்கோம். நாளைக்கு அவங்கல்லாம் வந்து நின்னா என்ன செய்வீங்க?"

ஆளாளுக்கு வியர்த்தது. மருந்துக்கடைக்காரரே உட்கார்ந்துவிட்டார். அங்கேயே அவசரத் திருத்தம் கொண்டுவந்தோம்: 'ஜெபத்தின் முடிவில் உறுப்பினர் சொல்லும் ஆமென், ஜெபத்தில் கேட்கப்பட்டதற்கு அவர் சம்மதிக்கிறார் என்று பொருள்படாது.' மருந்துக்கடைக்காரர் முன்மொழிய, சட்டம் ஐயா வழிமொழிந்தார். அந்த இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

"அப்ப நீங்கள்லாம் சொன்ன ஆமென்?" என்று அம்மா கேட்டார்.

"அது வழக்கம்மா. பழக்கத்துல வாயில வந்துடும்" என்றார் போதகர்.

அம்மா வெளியே போனார்.

திருத்தத்துக்காகத் திறந்த கூட்டத்தை மறுபடி முடிக்க வேண்டுமே. 'ஒருவருக்கு ஒரு ஜெபம்' என்ற விதியை அன்றைக்கு மட்டும் தளர்த்தினோம். விவாதமில்லை, துணைக்குழுவில்லை, ஒரே நொடிதான். பசி அப்படி. வெயிலில் வாடுகிறவர்களுக்கு நிழலாயிரும் என்று போதகர் உருக்கமாக ஜெபித்தார். இந்தத் தடவை எந்தப் பயமும் இல்லாமல் ஆமென் சொன்னோம்.

படியிறங்கியபோது அம்மா நாற்காலியின் பின்னால் தலையைக் குனிந்து நின்றிருந்தார். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. "சரின்னுட்டாங்களா ஐயா?" என்று அவர் குழறலாகக் கேட்டார். கூட்டக் குறிப்பு உறுதியாகும் முன்னால் முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. நான் சிரித்து வைத்தேன்.

எங்கள் விதிகளில் ஓட்டையே கிடையாது. ஒரே ஒரு ஓட்டை இருந்திருந்தால்கூட, அதன் வழியாகவாவது அந்த மனிதர் உள்ளே வந்திருப்பார்.