ஈயம் உருக்கும் சட்டியும் என் தலை தீபாவளியும்

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்குவது பெரிய காரியமில்லை. இலையில் வைத்ததைச் சாப்பிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டால் போதும், பெயர் தானாக வந்துவிடும். அதற்கு மேல் ஏதாவது செய்து பெயர் வாங்கப் போகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். நான் மாட்டிக்கொண்டேன். அதுவும் தலை தீபாவளிக்கு.

அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, கோட்டுச்சேரியில் வீடு. மாமனார் வீடு பூவத்தைத் தாண்டி, நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம், அதாவது தமிழ்நாட்டில். (எங்களுக்கு மாநிலம் விட்டு மாநிலம் போவது டீ குடிக்கப் போவது மாதிரி.) மாமா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திய களைப்போ என்னவோ, ஓய்வு பெற்ற மறுநாளே பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். அவருக்கிருந்த ஒரே ஆசை வீச்சு வலை. காலையும் மாலையும் ஆற்றில் இறங்கி வலை வீசுவார். நாலு மடவை மீன் விழுந்தால் சந்தோஷம், விழாவிட்டாலும் அதே முகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போயிருந்தபோது அவர் புது வலை ஒன்றைப் பின்னி முடித்திருந்தார். வலையின் விளிம்பைச் சுற்றி ஈயத்தில் சின்னச் சின்னக் குண்டுகளாகக் கோக்க வேண்டும். அந்தப் பாரத்தில்தான் வலை தண்ணீருக்குள் இறங்கும். வலைக்காரர்கள் பேச்சில் அதற்குக் குண்டு என்றே பெயர். (இந்தச் சொல்தான் பின்னால் எனக்கு எமனாக வந்தது.) கடைக் குண்டு ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே மாமா சொன்னார்: "ஈயமா இது? என்னத்தையோ கலந்து ஊத்துறான்."

எட்டு மாதத்தில் அவர் என் முன்னால் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அது எனக்கு இட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஆபீஸ் நேரத்திலும் எனக்கு ஈய ஆராய்ச்சிதான். கைபேசியில் தேடினால் ஈயம் உருக்க மின்சாரச் சட்டி என்று ஒன்று விற்பனைக்கு இருந்தது. மேலே ஈயத்தைப் போட்டு, சூடேறியதும் பக்கத்துப் பிடியைத் தூக்கினால், அடியிலிருக்கும் மூக்கு வழியாக உருகிய ஈயம் அச்சில் இறங்கும். நல்ல சட்டிக்கு என் ஒரு மாதச் சம்பளம் போதாது. அதே மாதிரி மலிவுச் சட்டியும் ஒன்று இருந்தது. அதை வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்தேன். எழுதியவர்கள் எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் வலைக்குண்டு வார்க்கவில்லை, வேட்டைத் துப்பாக்கிக்குத் தோட்டா வார்த்துக்கொண்டிருந்தார்கள். 'இந்த மலிவுச் சட்டி தோட்டா வார்க்கப் போதுமா' என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போதும் என்று ஒரு கட்சி. அடியில் சொட்டும், சூடு ஒரு நிலையில் நிற்காது, காசைக் கரியாக்காதே என்று இன்னொரு கட்சி. தோட்டா ஆகப்போகிறோமா, வலைக்குண்டு ஆகப்போகிறோமா என்று ஈயத்துக்கா தெரியப்போகிறது? அந்த விவாதம் முழுவதையும் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து, துளை போட்டு, நூல் கோத்து ஒரு கோப்பே தயார் செய்தேன். எனக்குச் சாதகமான வரிகளுக்கு மட்டும் மஞ்சள் மை பூசினேன். (குமாஸ்தா புத்தி எங்கே போகும்?)

பழைய பள்ளித் தோழன் நிஜாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரும்புக்கடை வைத்திருக்கிறான். மலிவுச் சட்டியையும் ஓர் அச்சையும் வரவழைத்து, பெட்டியோடு கோப்பையும் அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் கோப்பைத் திறக்கக்கூட இல்லை. பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, இதற்குப் பதில் ஓர் இரும்புக் கரண்டியும் கொஞ்சம் அடுப்புக்கரியும் எடுத்துப் போ என்றான். தன் வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஆனாலும் டயர் கடைகளில் சக்கரங்களிலிருந்து கழற்றிப்போட்ட பழைய ஈயத் துண்டுகளை அவன்தான் பொறுக்கிச் சேர்த்து ஒரு பை நிறையக் கொடுத்தான்.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் நானும் என் மனைவி கலாவும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். காலடியில் ஈயப் பை, கலாவின் மடியில் சட்டிப் பெட்டி, பெட்டி மேல் கோப்பு. எங்கள் பக்கம் மது பாட்டில் விலை குறைவு என்பதால் எல்லைச் சோதனைச் சாவடியில் எப்போதும் பையைப் பார்ப்பார்கள். பண்டிகை நாளில் கேட்கவே வேண்டாம். ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார். பெட்டியில் என்ன என்று கேட்டார். பயந்தவன் போலத் தெரியக் கூடாது என்று, தேவைக்கு மேல் கம்பீரமாகச் சொன்னேன்.

"குண்டு ஊத்துற சட்டி சார்."

கலா என் முதுகில் கிள்ளினாள். அதற்குள் கான்ஸ்டபிள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டார். அதன் பக்கவாட்டில், நான் பெருமையாக நினைத்திருந்த அந்த வண்ணப் படத்தில், பளபளவென்று வரிசையாக ஏழெட்டுத் தோட்டாக்கள் நின்றன. அடுத்து ஈயப் பையைத் தூக்க முயன்றார். அது அவரைக் கீழே இழுத்தது. எங்களை உள்ளே கூப்பிட்டுப் போனார்கள்.

உள்ளே இருந்த சப்-இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். கோப்பை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்தார். என் வாழ்நாளில் நான் தயாரித்த எந்தக் கோப்பையும் ஓர் அதிகாரி அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

"தோட்டா ஊத்த இது போதுமான்னு கேட்டது யாரு?"

"யாரோ அமெரிக்காக்காரர் சார்."

"மஞ்சள் மை அடிச்சது?"

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வலை, மாமனார், மடவை மீன், தலை தீபாவளி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கலந்து சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, வலை வைத்திருக்கிற அந்த மாமனாரை வரச்சொல்லுங்கள் என்றார். கலா அப்பாவுக்குப் போன் செய்தாள். சாவடி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

மாமா வர முக்கால் மணி நேரமானது. அந்த முக்கால் மணியில் காரைக்காலுக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே எத்தனை பஸ் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு பஸ்ஸும் சாவடியில் நின்றது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தெரிந்த முகம் இருந்தது. மாமனார் ஊர்க்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "கலா மாப்பிள்ளையா?" என்று விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அனுதாபத்தோடு போனார். கலா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமா மொபெட்டில் வந்தார். தோளில் வலை. உள்ளே போய் மேஜை மேலேயே வலையை விரித்து, குண்டு கோக்காத விளிம்பைத் தொட்டுக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கைகாட்டி, இவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குள் நான் ஒரு தடவை விவாகரத்தாகித் திரும்பி வந்தேன்.

"எட்டு மாசமா மாப்பிள்ளைங்க," என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். கான்ஸ்டபிள் கடற்கரை ஊர்க்காரராம். அவர் சட்டியை வெளியே எடுத்து, அடியில் விரலால் தட்டிப் பார்த்து, தகரம் சார், ஒழுகும் என்று தீர்ப்புச் சொன்னார். இனிமேல் வலைக்குண்டு என்று முழுதாகச் சொல்லுங்கள் என்ற அறிவுரையோடும் தீபாவளி வாழ்த்தோடும் எங்களை அனுப்பினார்கள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் முழுக்கப் பேச்சு: மாப்பிள்ளை பாட்டிலோடு பிடிபட்டார். மறுத்துப் பார்த்தேன். ஈயம் உருக்குகிற சட்டி என்றதும் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாமே என்பது போலப் பார்த்தார்கள். சாயங்காலம் மாமாவின் நண்பர்கள் நாலு பேர் புதுச் சட்டையோடு பார்க்க வந்தார்கள். ரொம்ப நேரம் மழை, நடவு என்று பேசினார்கள். அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தபோது அவர்கள் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தைக்கு வேறு ஏமாற்றம். ஈயச் சட்டி வருகிறது என்று கலா போனில் சொன்னதை, ரசம் வைக்கிற ஈயச் சொம்பு என்று எடுத்துக்கொண்டு, புளி கரைத்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை எண்ணெய்க் குளியல் முடித்து, புதுப் பட்டு வேட்டியோடு கொல்லையில் சட்டியை நிறுவினேன். வேட்டியை மாற்றிக்கொள்ளச் சொன்னாள் கலா. மாப்பிள்ளைக்கு அழகு வேட்டி என்றேன். சமையலறையிலிருந்து நீளமாக ஒயர் இழுத்தேன். அத்தை புகை உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார். சட்டிக்குச் சுவிட்சைப் போட்டேன். வீடு அமைதியானது. டி.வி.யில் யாரோ பாதி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார், மீதியைச் சொல்லவில்லை. கிரைண்டரில் வடை மாவு பாதி ஆட்டினபடி நின்றது.  அத்தை கதவைத் திறந்து, கையில் மாவோடு வாசற்படியில் வந்து நின்றார்.

மாமா பியூஸ் போட்டார். முதலில் வடை மாவு ஆட்டி முடிக்கட்டும் என்று தீர்மானமானது. வடை சாப்பிட்ட பிறகு மறுபடி சுவிட்சைப் போட்டேன். ஈயம் ஒருவழியாக இளகியது. கூடவே சட்டியும் சொட்டத் தொடங்கியது. நான் பிடியைத் தொடவே இல்லை. சொட்டு, சொட்டு என்று தரையில் வெள்ளி ரூபாய் மாதிரி விழுந்தது. சொட்டு விழும் இடத்துக்கே அச்சை நகர்த்தினேன். நாலைந்து குண்டு வார்த்த பிறகுதான், துளைக்காக அச்சில் வைக்க வேண்டிய கம்பியை வைக்கவே மறந்தது தெரிந்தது. அவசரமாகப் பிடியை அழுத்தி மூடப் பார்த்தேன். பிடி என் கையோடு வந்துவிட்டது.

அதன் பிறகு அந்தச் சட்டி யாருக்கும் கட்டுப்படவில்லை. இருந்த ஈயம் முழுதும் ஒரே வீச்சாக இறங்கியது. நான் பின்னால் குதித்தேன், வேட்டி குதிக்கவில்லை. தெறித்த ஈயத்தில் ஓரமெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை. காலில் ஒரு துளி படாதது யார் செய்த புண்ணியமோ. மாமா ஒயரைப் பிடுங்கிவிட்டு, என் கால் இரண்டையும் குனிந்து பார்த்தார். பிறகு வேட்டியைப் பார்த்தார்.

"போய் கைலி கட்டிக்கிட்டு வாங்க மாப்பிள்ளை," என்றார்.

வந்து பார்த்தால் கரி அடுப்பும் நீளப் பிடி வைத்த இரும்புக் கரண்டியும் தயாராக இருந்தன. (நிஜாமிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.) காற்றுக்கு முதுகு காட்டி இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் உருக்கினார், நான் ஊற்றினேன். தெருவில் வெடிச்சத்தம், கொல்லையில் கரண்டிச் சத்தம். ஒரு கட்டத்தில் அவராகவே, பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் வந்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதையின் முடிவு என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. என் கைக்குண்டுகள் ஒன்று நெல்லிக்காய் அளவு, ஒன்று சுண்டைக்காய் அளவு. துளையில்லாதவற்றை அவர் மடியில் போட்டுக்கொண்டு, ஓட்டை நான் போட்டுக்கிறேன் என்று கை டிரில்லால் ஒவ்வொன்றாகத் துளைத்தார். அந்த மத்தியானம் முடியாமலே இருந்திருக்கலாம்.

என் குண்டுகளை ஒரு பக்கம் முழுக்கவும், மீதிக்குக் கடைக் குண்டுகளையும் கோத்து, ஒரு வாரம் கழித்து அந்த வலையை ஆற்றில் வீசினார். வட்டமாக விரிய வேண்டியது சாய்ந்து, ஒரு பக்கம் முந்தி மூழ்கியது, மறுபக்கம் யோசித்துக்கொண்டே இறங்கியது. அந்த இடைவெளியில் மீன்கள் நிதானமாக வெளியேறின. அந்தப் பக்கத்துக் குண்டுகளை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு வேறு கோத்துக்கொள்ளலாமே என்று கலா எத்தனையோ தடவை சொன்னாள். "இருக்கட்டும். அது மாப்பிள்ளை பக்கம்," என்பார்.

பத்து வருஷம் அதே வலையைத்தான் வீசினார். மாப்பிள்ளை பக்கம் தன் இடது கைக்கு வருகிற மாதிரி பிடித்து, தோளைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி வீசக் கற்றுக்கொண்டார். தூரத்திலிருந்தே அந்த வீச்சைப் பார்த்து அவர்தான் என்று சொல்லிவிடலாம். அவர் போய் மூன்று வருஷமாகிறது. எங்கள் குடும்பத்தில் குழம்பில் உப்பு கூடினாலும், பந்தல் ஒருக்களித்தாலும், அத்தை இன்னும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை பக்கமா போயிடுச்சு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். போன மாதம் என் மகள் கோணலாகக் கோலம் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க வந்து பாருங்க. உங்க பக்கம்."