தலைக்கோட்டையாரின் மணி

உலகத்தில் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு வயது ஏறும். தலைக்கோட்டையார் மட்டும் 1565-ஐ விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர். நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டை நிறுத்துப் போடுவது அவருடைய உத்தியோகம். தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்த அந்த ஒரு வருஷத்தை நாடகம் போடுவதுதான் அவருடைய வாழ்க்கை.

முதல் அங்கத்தில் அந்த வருஷத்து ஓவியர்கள், இரண்டாவதில் புலவர்கள், மூன்றாவதில் அரசியலும் போரும். திருவிழாவுக்குத் திருவிழா அதே நாடகம்தான். பித்தளை மணியோடு அவர் மேடை ஓரத்தில் நிற்பார். 1565-இல் இல்லாத எது மேடைக்கு வந்தாலும் அடித்து நிறுத்திவிடுவார். மூன்றாம் சிப்பாயான நான் ஒருமுறை கைக்கடிகாரத்தோடு போய் நின்றேன். மணி! மாநிலத்தில் ஆட்சி மாறியிருந்த உற்சாகத்தில் தளபதி வேஷக்காரர் கட்சிக் கரை வேட்டியோடு வந்தார். மணி! ராஜா ஒரு வாய் டீ குடித்ததற்கு அடித்த அடியில் குழந்தைகள் அழுதன.

"டீதானங்க, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் ராஜா.

"எனக்குத் தெரியுமேய்யா! அந்த வருஷம் இங்க டீ ஏது? மோரு குடி!"

ராஜா வேஷம் வீரையனுக்கு. விவசாயக் கூலிகள் சங்கத் தலைவர், கணீரென்ற குரல். மந்திரி, எங்கள் ஊர்ப் பெரிய மிராசுதார். மந்திரிக்குத் தொந்தி அவசியம் என்று தலைக்கோட்டையார் பிடிவாதம் பிடித்ததில் ஊரில் வேறு ஆள் அகப்படவில்லை.

ஒரு வருஷம் ஊரில் அறுப்புக் கூலியில் தகராறு. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டது சங்கம். முடியாது என்றார் மிராசுதார். அரிவாள் எடுக்க ஆளில்லாமல் பழுத்த கதிர் வயலிலேயே உதிர்ந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேச மறுத்தார்கள். ஊருக்குள் போலீஸ் முகாம். விளக்கு வைப்பதற்குள் முடிப்பதானால் நாடகம் போடலாம் என்றார் இன்ஸ்பெக்டர். வேஷத்தை விட்டுக்கொடுக்க மட்டும் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

மூன்றாவது அங்கம் வந்தது. போருக்கு யானைகள் தயாரா என்று ராஜா கேட்க வேண்டும். வீரையன் முன்வரிசையில் இருந்த தன் பிள்ளைகளைப் பார்த்தார்.

"மந்திரியாரே, வயலில் நெல் ஏன் உதிர்கிறது?"

மிராசுதார் திகைத்தார். கைகட்டி நிற்கும் மந்திரி பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"குடிகள் பேராசை கொண்டுவிட்டனர், மன்னா!"

"அரைப்படி பேராசையா? அரண்மனைப் பூனைக்கே ஒரு படி பால் போகிறதே!"

கூட்டம் விசிலடித்தது. நான் மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"கால்படி தரலாம் பிரபு. யூரியா விக்கிற வெலையில அதுக்கு மேல முடியாதுய்யா!" என்றார் மந்திரி.

"எம்புள்ளைங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. முடியாதா?" என்றார் ராஜா.

செந்தமிழ் போய்விட்டது. யூரியாவே மேடையேறிவிட்டது. இன்னுமா மணி அடிக்கவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். தலைக்கோட்டையார் மணியின் நாக்கை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மிராசுதார் அந்தப் பிள்ளைகளை வெகுநேரம் பார்த்தார். "சரிய்யா, அரைப்படி. காலையில ஆள எறக்கு" என்றார்.

விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்தார். போர் நடக்கவே இல்லை. ஊரே மேடையேறிக் கொண்டாட, தலைக்கோட்டையார் மட்டும் அட்டை யானைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வருத்தமாங்க?" என்றேன்.

"பின்ன? நடந்த போரு நடந்ததுதானய்யா! இப்படித் தப்பா முடிஞ்சுபோச்சே!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி யானையையும் அடுக்கிவிட்டு, "காலையில எந்த வயல்ல அறுப்பு?" என்று கேட்டார்.

மறுநாள் ஆட்கள் வயலில் இறங்கும்போது வரப்பில் நின்று மணியடித்தவர் அவர்தான். 1565-இல் இல்லாத ஒன்றுக்கு அவர் சந்தோஷமாக அடித்த மணி, நானறிந்து அது ஒன்றுதான். அந்த ஒரு சத்தத்துக்காகவே அந்த மனிதரை எனக்கு இன்னும் பிடிக்கும்.